தாமதம் யாருடையது? பிறப்புப் பதிவேடுகளும் முதல் பரிசோதனைத் தேதியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தாய் சேய் நலம் குறித்து ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இதுவரை பேசியவர்களின் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலோர் மகப்பேறு மருத்துவர்கள். நானோ மக்கள்தொகையியல் ஆசிரியர். பிரசவ அறைக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை கிடையாது. அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் என்ன எழுதுகிறார், எதை எழுதாமல் விடுகிறார் என்பதைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் சொல்லலாம்.

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் முதல் பரிசோதனைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதியிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 8 சந்திப்புகளைப் பரிந்துரைக்கிறது. முதலாவது 12 வாரத்துக்குள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரத்தசோகையைச் சரிசெய்ய மாதங்கள் வேண்டும். ரத்த அழுத்தம் பிறகு ஏறியதா, முன்பே அப்படித்தானா என்று தெரிய ஆரம்ப அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். கருவின் வயதை ஸ்கேனில் சரியாகச் சொல்லவும் முதல் மூன்று மாதங்களே ஏற்றவை.

ஆனால் யார் எப்போது வந்தார் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? தாள் சொல்லித் தெரிகிறது. அந்தத் தாளில் ஐந்தாம் மாதம் என்றிருந்தால் 'இந்தப் பெண் தாமதமாக வந்தாள்' என்று ஆய்வுக்கட்டுரையில் எழுதுகிறோம். நான் இன்று வாதிடப்போவது இதுதான்: பதிவேட்டில் இருப்பது நம்முடைய ஏற்பாடு அவளைக் குறித்துக்கொண்ட தேதி. அவள் உதவி தேடிய தேதி அதற்கு முன்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தாமதத்தில் அவள் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று பிரிக்காத வரை, முன்கூட்டிய பரிசோதனை என்ன நன்மை செய்கிறது என்று பிறப்புப் பதிவேட்டைக் கொண்டு சொல்ல முடியாது.

1. தாளில் இருப்பதும் இல்லாததும்

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி நிரப்பப்படும் படிவம் 1 பலருக்கும் பழக்கமானது. அதற்கு இரண்டு பகுதிகள். குழந்தை பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், பிறந்த இடம் ஆகியவை சட்டப் பகுதியில் வரும். பிறப்புச் சான்றிதழுக்கு இதுவே மூலம். மற்றொன்று புள்ளிவிவரப் பகுதி. தாயின் வழக்கமான இருப்பிடம், பெற்றோரின் படிப்பும் தொழிலும், திருமணத்தின்போது தாயின் வயது, இந்தப் பிரசவத்தின்போது வயது, இதுவரை உயிரோடு பிறந்த குழந்தைகள், பிரசவம் பார்த்தவர் யார், சுகப்பிரசவமா அறுவையா, குழந்தையின் எடை, கர்ப்பம் எத்தனை வாரம் என்று அது போகிறது. இந்தப் பகுதியைத் தனியே பிரித்துப் புள்ளிவிவரத் தொகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். சான்றிதழ் வாங்கப் போகிற அப்பா அதைக் கண்ணாலும் பார்ப்பதில்லை.

எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேட்கிற படிவம், எந்த வாரத்தில் முதல் பரிசோதனை என்று கேட்கவில்லை. அமெரிக்காவின் மாதிரிப் பிறப்புச் சான்றிதழ் 1968ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது. நார்வே 1967இல், கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கிய தாலிடோமைடு மருந்தின் கொடுமைக்குப் பின், மருத்துவப் பிறப்புப் பதிவேடு ஒன்றை நாடு முழுவதற்கும் நிறுவியது. தொடக்கத்தில் 16 வாரத்தைக் கடந்த எந்தக் கர்ப்பம் முடிந்தாலும், குழந்தை இறந்தே பிறந்தாலும், அதில் ஏறியது. நம் நாட்டில் இறந்து பிறந்த குழந்தைக்கு வேறு படிவம். 28 வாரத்துக்கு முன் கலைந்தால் அதிலும் இடமில்லை. முதல் மூன்று மாதப் பராமரிப்பால் ஏதேனும் பயன் விளைந்திருந்தால், அதில் ஒரு பகுதி இப்படிக் கலைந்துபோன கர்ப்பங்களில்தான் தெரிய வேண்டும். பிறந்தவர்களை மட்டும் எண்ணுகிற தாளில் அது தெரியாது.

2. கேள்வி மாறினால் விடை மாறும்

அமெரிக்கப் பதிவேட்டில் 'பரிசோதனை தொடங்கியது கர்ப்பத்தின் எத்தனையாவது மாதம்' என்று நெடுங்காலம் கேட்டார்கள். பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணைக் கேட்டோ, ஆஸ்பத்திரிக் கோப்பைப் புரட்டியோ 'இரண்டு' அல்லது 'மூன்று' என்று எழுதிவிடலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கைவிட்டு, முதல் பரிசோதனை நடந்த தேதியைக் கேட்டது. பரிசோதனைக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதவும் சொன்னது. மாநிலங்கள் ஒரே நாளில் மாறவில்லை; கடைசி மாநிலங்கள் புதிய படிவத்துக்கு வந்தது 2016இல். மாறிய மாநிலங்களில் முதல் மூன்று மாதத்தில் வந்தவர்களின் விகிதம் சட்டென்று இறங்கியது. பெண்கள் திடீரென்று அலட்சியமாகிவிடவில்லை. பழைய படிவத்தில் 'மூன்று' ஆகியிருக்கக்கூடிய பல கர்ப்பங்கள், தேதி போட்டுக் கணக்கிட்டபோது நான்காம் மாதத்துக்குப் போயின. பழைய படிவ விவரத்தையும் புதிய படிவ விவரத்தையும் ஒப்பிட வேண்டாம் என்று அந்நாட்டுத் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையமே எச்சரித்தது. நாடு முழுவதும் புதிய படிவம் வந்த 2016இல் விகிதம் 77.1 விழுக்காடு.

இன்னொரு உதாரணம் இதைவிடக் கூர்மையானது. கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து கணக்கிட்டு வந்தார்கள். எந்தத் தேதி என்று கேட்டால், நினைவில்லாதவர் 'நடு மாசத்துல' என்பார். எழுதுபவர் 15 என்று போடுவார். அமெரிக்கப் பதிவேடுகளில் 15ஆம் தேதி வழக்கத்துக்கு மீறிக் குவிந்திருப்பது இதனால்தான். 2014 முதல் மருத்துவர் சொல்லும் மதிப்பீட்டையே அளவாகக் கொண்டார்கள். 2013இல் பிறந்த அதே குழந்தைகளைப் பழைய அளவில் கணக்கிட்டால் குறைப்பிரசவம் 11.39 விழுக்காடு, புதிய அளவில் 9.62. ஒரு குழந்தைகூட கூடுதலாகவோ குறைவாகவோ பிறக்கவில்லை.

நம் ஊரிலும் இந்தக் குவியல் உண்டு. 'பொங்கலுக்கு முந்தின வாரம்', 'அமாவாசைக்கு மறுநாள்' என்று சொல்கிற பெண்ணிடமிருந்து கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு தேதியை வாங்கியாக வேண்டும். காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போடுவார்கள். பிறந்த எடையிலும் அப்படியே: 2.5, 3.0 என்ற எண்கள் மலைபோல் உயர்ந்திருக்கும். எடைகுறைந்த குழந்தை என்பதன் வரையறை 2.5 கிலோவுக்குக் கீழ். 2 கிலோ 460 கிராமை 2.5 என்று எழுதியதும் அந்தக் குழந்தை வரையறைக்கு வெளியே போய்விடுகிறது.

3. எண்ணிக்கையின் கண்ணி

1968இல் நியூயார்க் நகரில் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து டேவிட் கெஸ்னர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 1973இல் நூலாக வந்தது. எந்த மாதம் தொடங்கினார், எத்தனை முறை வந்தார், எந்த வாரத்தில் பிரசவித்தார் ஆகிய மூன்றையும் சேர்த்து 'போதுமான பராமரிப்பு' என்பதற்கு ஒரு குறியீடு செய்தார்கள். 20 ஆண்டுகள் அதுவே ஆண்டது.

மூன்றாவது விவரம் ஏன் தேவைப்பட்டது என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும். பிரிட்டனின் சுகாதார அமைச்சகம் 1929இல் வகுத்த அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 16, 24, 28ஆம் வாரங்களில் ஒவ்வொரு முறை; பிறகு 36 வரை இரு வாரத்துக்கு ஒருமுறை; அதற்குப் பின் வாரந்தோறும். 40 வாரம் வரை போனால் 11 முறை. ஒரு பெண்ணுக்கு 32ஆம் வாரமே வலி எடுத்துவிட்டால், ஒரு தடவைகூடத் தவறாமல் வந்திருந்தாலும் அவள் கணக்கில் 5தான் இருக்கும். பாதிக்கு மேற்பட்ட பரிசோதனைகள் அவளுக்கு வாய்க்காமலே போயின. வெறும் எண்ணிக்கையைப் பார்ப்பவர் 'குறைவாக வந்ததால் குறைமாதம்' என்று எழுதுவார். உண்மை தலைகீழ். இந்தப் பிழையோடு வருகிற ஆய்வேடுகளை இன்றும் நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

1994இல் மில்டன் கோட்டல்சக் வேறொரு வழி காட்டினார். தொடங்கிய காலத்தைத் தனியாகவும், தொடங்கிய பின் வர வேண்டிய தடவைகளில் எத்தனை வந்தார் என்பதைத் தனியாகவும் அளந்தார். அதில் ஒரு சுவையான முடிவு: எதிர்பார்த்த தடவைகளில் 110 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தவர்களைத் தனிப் பிரிவாக வைத்தபோது, அவர்களிடம் எடைகுறைந்த பிறப்புகள் அதிகமாக இருந்தன. அதிகம் பார்த்ததால் கெடவில்லை. சிக்கல் இருந்ததால் அதிகம் பார்த்தார்கள்.

முதல் வருகைக்கும் இது பொருந்தும். ஆறாம் வாரமே ஓடி வருகிறவர்களில் வசதியும் படிப்பும் உள்ளவர்கள் உண்டு. முந்தைய கர்ப்பம் கலைந்து பயந்திருப்பவர்களும், ரத்தப்போக்கு கண்டு பதறியவர்களும் உண்டு. இரு தரப்பையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் வருகிற எண் யாரைப் பற்றியதும் அல்ல.

4. தமிழ்நாட்டின் 12 இலக்கம்

மருத்துவமனைப் பிரசவம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு. பிரசவம் எங்கே நடந்தது என்ற கேள்வி இங்கே எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதே கணக்கெடுப்பில் முதல் மூன்று மாதத்தில் பரிசோதனைக்குச் சென்றவர்கள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல். வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. ஆய்வும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

நம்மிடம் இதற்கு ஓர் அரிய கருவி இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி தளம். அதில் பதிந்தால் 12 இலக்க எண் கிடைக்கும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை என்றாக்கினார்கள். படிவம் 1 கேட்க மறந்த கேள்வியின் விடை இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் கர்ப்பம் தொட்டுப் பிறப்பு வரை ஒரே கோடு. பல நாடுகளுக்கு இது கனவு. ஆனால் அந்தக் கோட்டின் தொடக்கத்தில் என்ன தேதி இருக்கிறது?

ஒரு மாதிரிக் கதை சொல்கிறேன். நாள் தள்ளிப்போகிறது. வீட்டில் கருவி வாங்கிப் பார்த்து இரண்டு கோடு வருகிறது. ஏழாம் வாரம் பக்கத்து ஊர் லேடி டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மாமியார், 'மூணு மாசம் முடியட்டும், அதுக்குள்ள யார்கிட்டயும் சொல்ல வேணாம்' என்கிறார். பிறகு நர்சம்மாவைப் பார்க்கிறார்கள். ஆதாரில் அம்மா வீட்டு முகவரி. பாஸ்புக்கில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல். 'அதை மாத்திட்டு வாம்மா, இல்லாட்டி மகப்பேறு உதவிப் பணம் ஏறாது' என்கிறார் நர்சம்மா. எல்லாம் முடிந்து எண் கிடைக்கும்போது 15ஆம் வாரம். பதிவேட்டைப் பொறுத்தவரை இவள் தாமதமாக வந்தவள். ஏழாம் வாரத்துக்கும் பதினைந்தாம் வாரத்துக்கும் நடுவே இருந்த எட்டு வாரத்தில் மாமியாருக்கும், வங்கிக்கும், ஆதார் மையத்துக்கும், தளத்துக்கும் பங்கு இருக்கிறது. கணக்கு மட்டும் அவள் பெயரில்.

தனியார் மருத்துவமனைக்கே போகிற நகரத்துக் குடும்பங்களில் நிலைமை இன்னும் விநோதம். ஆறாம் வாரத்திலிருந்து மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்ப்பார்கள். பிரசவம் நெருங்கும்போது, சில சமயம் குழந்தை பிறந்த பிறகே, 'பிக்மி நம்பர் கேட்கிறாங்க' என்று அலைவார்கள். பதிவுத் தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் மிக நன்றாகப் பார்க்கப்பட்ட பெண்கள் சிலர் கடைசி வரிசையில் நிற்பார்கள்.

எதிர்த்திசையிலும் இழுப்பு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என உயர்ந்தது. 2018 ஏற்பாட்டில் முதல் தவணை 12 வாரத்துக்குள் பதிந்தால்தான். நல்ல யோசனைதான். பின்லாந்து 1949இல் எல்லாத் தாய்மாருக்கும் மகப்பேறு உதவியை விரித்தபோது, நான்காம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது, பெண்கள் வந்தார்கள். ஆனால் தேதிக்கு விலை வைத்த பிறகு அந்தத் தேதி பழைய தேதியாக இருக்காது. 12 வாரம் 3 நாள் ஆகிவிட்ட பெண்ணைப் பார்த்து மனமிரங்கும் செவிலியர், கடைசி மாதவிலக்கை ஒரு வாரம் தள்ளி எழுதினால் அவருக்குப் பாவம் சேருமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆய்வாளராக எனக்கு அங்கே ஒரு குவியல் கிடைக்கும். அத்துடன் அந்தக் கர்ப்பத்தின் வயதும் ஒரு வாரம் குறையும். கடைசியில் ஒரு நிறைமாதக் குழந்தை குறைமாதமாக எழுதப்படவும் கூடும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போகும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பிறந்த ஊருக்குப் பயணம். பிறப்புப் பதிவு, சட்டப்படி, பிரசவம் நடந்த இடத்தில். இடம் மாறியதும் பரிசோதனைகள் இரு கைகளில் பிரிகின்றன. மாவட்ட வாரியாகப் படம் வரைகிறவர்கள் தாயின் இருப்பிடத்தை விட்டுவிட்டுப் பிரசவ இடத்தைப் பிடித்துக்கொண்டால், பெரிய மருத்துவமனை உள்ள மாவட்டமெல்லாம் ஆபத்தான மாவட்டமாகத் தெரியும்.

பதினெட்டு வயது ஆகாத பெண்ணின் தாமதம் வேறு வகை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவள் கர்ப்பம் பற்றிக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு உண்டு. குடும்பத்துக்கும் இது தெரியும். அதனால் ஒன்று தாமதமாக வருவார்கள், அல்லது வயதைக் கூட்டிச் சொல்வார்கள். மிக முன்னதாகப் பராமரிப்பு தேவைப்படுகிற பெண்ணே பதிவேட்டில் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தைத் தொடர விரும்பாத பெண்ணுக்கும் முன்பதிவு என்பது கண்காணிப்பாகவே தோன்றும். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் அவளுக்கு ரகசியத்தை உறுதிசெய்கிறது. பதிவு ஏறிய மறுவாரத்திலிருந்து வீடு தேடி வந்து விசாரிக்கிற முறை அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று சுகாதாரத் துறை நண்பர்கள் யோசிக்க வேண்டும்.

5. தாயைத் தேடி

பிறப்புப் பதிவேடு குழந்தையின் தாள். தாய் அதில் ஒரு பெயராகவும் வயதாகவும் வருகிறாள். பிரசவித்த பத்தாம் நாள் அவள் இறந்துவிட்டால் அந்தத் தாளில் எதுவும் மாறாது. தாய்மை நலத்தை ஆராய வேண்டுமானால் வேறு பதிவுகளோடு அதை முடிச்சுப் போட வேண்டும்.

நார்வேயில் போட்டார்கள். 1967 முதல் 1992 வரை முதல் குழந்தை பெற்ற சுமார் 6 லட்சத்து 26 ஆயிரம் பெண்களின் பதிவுகளை இறப்புப் பதிவேட்டோடு இணைத்து 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. கர்ப்பகால ரத்தக் கொதிப்போடு சிறுநீரில் புரதமும் கண்டு, குறைமாதத்தில் பிரசவித்த பெண்கள், அப்படி எதுவும் இல்லாமல் நிறைமாதத்தில் பெற்றவர்களைவிட, பிற்காலத்தில் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 8 மடங்கு. அப்படியொரு பிரசவத்துக்குப் பின் 'தாயும் சேயும் நலம்' என்று வீட்டுக்கு அனுப்பிய பெண்ணை அடுத்த 20 ஆண்டுகளுக்கு யார் பார்க்க வேண்டும் என்ற கேள்வி ஒரு பதிவேட்டிலிருந்து எழுந்தது.

அவசர முடிச்சும் உண்டு. அமெரிக்கா 2003இல் இறப்புச் சான்றிதழில் 'இறந்தவர் கர்ப்பமாக இருந்தாரா' என்று ஒரு கட்டம் சேர்த்தது. மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் அதை ஏற்றன. 85 வயதைக் கடந்த பாட்டிமார்கள்கூட கர்ப்பிணிகளாகப் பதிவானார்கள். கட்டம் தவறி விழுந்த ஒரு டிக் போதும். 2007க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் அந்த நாடு தாய் இறப்பு விகிதத்தை அதிகாரபூர்வமாக வெளியிடவே இல்லை. 2018ஆம் ஆண்டுக்கான எண்ணை, லட்சத்துக்கு 17.4 என்று, 2020இல்தான் வெளியிட்டார்கள். அதற்கும் கட்டத்தின் பயன்பாட்டை 44 வயது வரை என்று சுருக்க வேண்டியிருந்தது.

மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2018-20இல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் லட்சம் பிறப்புகளுக்கு 54, இந்தியாவுக்கு 97, கேரளத்துக்கு 19. நமக்கும் கேரளத்துக்கும் இடையே உள்ள தூரத்தை விளக்க இறப்புகளை மட்டும் எண்ணினால் போதாது, நல்லவேளையாக அவை குறைவு. தீவிர சிகிச்சைக்குப் போய் மீண்டவர்கள், ரத்தம் ஏற்றப்பட்டவர்கள், மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆகியோரின் பதிவுகள் அந்த 12 இலக்கத்தின் கீழ் வர வேண்டும்.

6. இரண்டு தேதிகள்

பதிவுசெய்த தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு தேதி வேண்டும்: இந்தக் கர்ப்பத்துக்காக எந்த மருத்துவரையோ செவிலியரையோ முதன்முதலாகப் பார்த்த தேதி, அதோடு பார்த்த இடம் அரசா தனியாரா. ஸ்கேன் ரிப்போர்ட்டில் நாள் இருக்கும். பார்த்து எழுதினால் போதும். இந்த இரண்டாவது தேதிக்குப் பணமோ இலக்கோ எதுவும் கட்டப்படக் கூடாது. எந்தச் செவிலியரையும் அதை வைத்து மாதாந்திரக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கவும் கூடாது. கேட்டால் அடுத்த மாதமே இரண்டு தேதிகளும் ஒன்றாகிவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றிரண்டு வாரமாக இருந்தால் பெண்களிடம் போய்ப் பேசுவோம். எட்டு வாரமாக இருந்தால் அலுவலகங்களிடம் போய்ப் பேசுவோம்.

எங்கே தொடங்கலாம் என்று மாணவர்கள் கேட்டால் திருப்பூரைச் சொல்வேன். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிரசவங்கள் அங்கே நடக்கின்றன. சொந்த ஊரில் ஒரு பதிவு, இங்கே ஒரு பதிவு, அல்லது எங்கும் இல்லை. வலி எடுத்த அன்று முதல்முறை மருத்துவமனைக்கு வந்தவர், ஐந்து மாதம் ஊரில் ஊசி போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தவர் இருவருக்கும் நம் பதிவேட்டில் ஒரே வரி. உரிய அனுமதியோடும் பெயர்களை நீக்கியும் அந்த மாவட்டத்தின் ஓர் ஆண்டுப் புள்ளிவிவரப் பகுதிகளை எடுங்கள். தாயின் வழக்கமான இருப்பிடம் என்ற இடத்தில் வேறு மாநிலம் எழுதியிருக்கிற தாள்களையும், தங்கியிருக்கும் காலனியின் பெயரையே எழுதிவிட்டுப் போன தாள்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.